ஒழுகாத பெட்டி

"ஒங்களுக்கு ரொம்ப அவசியமா எது வேணும்னு கேக்காங்க, அக்கா."

ஆக்னஸ் யோசிக்கவே இல்லை. "பஸ்சு" என்றாள்.

கேள்வியைக் கேட்டது டென்மார்க்கிலிருந்து வந்திருந்த இங்கர் என்ற மாணவி. அதைத் தமிழில் எடுத்துச் சொன்னது சிவனணைந்தபெருமாள். அவனும் மாணவன்தான். ஆழ்வார்திருநகரியில் வயற்காட்டுக் குடும்பத்தில் பிறந்து, வடக்கே ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் நாலாம் வருசம் படித்துக்கொண்டிருந்தான். பெயரின் நீளத்துக்குப் பயந்து கூடப் படிப்பவர்கள் அவனைச் சிவா ஆக்கிவிட்டார்கள். இங்கர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, புதுக் கூடை, நல்ல செருப்பு, நிழல் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். வந்தது பஸ். எழுதிக்கொண்டு பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

1978, மே மாதம். புன்னைக்காயல் கடற்கரையில் அன்றைய மீன் ஏலம் அப்போதுதான் முடிந்திருந்தது. பெண்கள் அவரவர் எடுத்த மீனைக் கடவப் பெட்டிகளில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பனையோலையில் பின்னிய பெரிய பெட்டி அது. கடல் தண்ணீரோடுதான் மீன் உள்ளே போகும். தலையில் ஏற்றிய நிமிசத்திலிருந்து அந்தத் தண்ணீர் நெற்றி, காது, கழுத்து என்று வழிந்து சேலை முழுக்க நனையும்.

ஆத்தூருக்குக் காலை ஏழேகாலுக்கு ஒரு பஸ் உண்டு. நெற்றியில் மணிமங்களம் மோட்டார் சர்வீஸ் என்று எழுதிய பச்சை வண்டி. பாதி சீட் காலியாகத்தான் போகும். ஆனாலும் மீன் பெட்டியோடு யாரும் ஏற முடியாது. கேட்டால் கண்டக்டர் சொரிமுத்து எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "தண்ணி ஒழுகும்." ஆகவே முப்பத்தெட்டுப் பெண்கள் தினமும் நாலு மைல் நடந்தார்கள். பஸ் அவர்கள் மேல் புழுதியைத் தூவிவிட்டு முன்னால் போகும். ஏழரைக்கு ஆத்தூர்த் தெருவில் இருந்தால் சாளை மீன் சாளையாகவே இருக்கும். ஒன்பது மணிக்குப் போனால், வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்த்து மூக்கைச் சுளிப்பாள்.

ஆக்னசுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. மணப்பாட்டில் பிறந்து புன்னைக்காயலில் வாழ்க்கைப்பட்டவள். புருசன் ரோச், தூத்துக்குடித் தோணிகளில் கடலோடி. கொழும்புக்கும் கொச்சிக்கும் சரக்கேற்றிப் போனால் திரும்ப இரண்டு மாதம், மூன்று மாதம். மூன்று பிள்ளைகளும் வீடும் அவள் தலையிலிருந்த பெட்டியை நம்பித்தான் இருந்தன.

ஊரில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அது முழுக்கச் சரியில்லை. அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல, பேசிவிட்டு நகராதவள். ஏலக்காரர் விலை முடிந்த பிறகு ஒவ்வொரு குவியலிலிருந்தும் இரண்டு மீனைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது வழக்கம். கல்யாணமாகி வந்த முதல் வருசமே ஆக்னஸ் அவர் கையைப் பிடித்துவிட்டாள். "எடுக்கணும்னா வெல பேசறதுக்கு முந்தி எடும். பெறவு எடுத்தா அது எம் மீனு" என்றாள். அவர் வைதார். அவள் கையை விடவில்லை. மறுநாளிலிருந்து அவர் முந்தியே எடுத்துக்கொண்டார். இன்னொரு சமயம், மூத்த மகள் கிரேசி மேல் மீன் வாடை அடிக்கிறது என்று வாத்தியார் அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றியபோது, ஆக்னஸ் தலையில் பெட்டியோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. முதல் மணி அடித்து இரண்டாம் மணி அடிப்பதற்குள் கிரேசி பழைய இடத்துக்கு வந்துவிட்டாள்.

ஆனால் பஸ் விசயத்தில் மட்டும் அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிடித்து நிறுத்த அங்கே ஒரு கை இல்லை. தண்ணீர் ஒழுகத்தான் செய்தது.

அந்த நேரத்தில்தான் மாணவர்கள் வந்து இறங்கினார்கள். டென்மார்க்கிலிருந்து ஆறு பேர், வடக்குக் கல்லூரியிலிருந்து ஆறு பேர், மேற்பார்க்க ஒரு பேராசிரியர். இரண்டு நாட்டு மாணவர்களும் சேர்ந்து ஓர் ஊரில் மூன்று வாரம் தங்கி, அங்குள்ள மக்களின் வேலைக்கு உதவும் பொருள் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். கோடை விடுமுறையில் காலியாகக் கிடந்த சர்ச்சின் பங்குப் பள்ளிக்கூடத்தில் பங்குச் சாமியார் அவர்களுக்கு இடம் கொடுத்தார். வாசலில் 'சர்வதேச ஒர்க்‌ஷாப்' என்று துணி கட்டியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு இஞ்ஞாசி என்பவர் நின்றுபோன டீசல் இன்ஜின் ஒன்றை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இவர்கள் அந்த மாதிரி ஒர்க்‌ஷாப் இல்லை என்று சிவா விளக்க, "அப்ப என்னத்ததான் ரிப்பேர் பண்ணுவீய?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஊர் அதை ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது.

இங்கரும் சிவாவும் இன்னும் இரண்டு பேரும் மீன் சுமக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஆக்னஸின் தலைச் சுற்றளவை அளந்தார்கள். கழுத்தை அளந்தார்கள். பெட்டியை நிறுத்தார்கள். ஆத்தூர் வரை கூடவே நடந்து அவள் எத்தனை அடி வைக்கிறாள் என்று எண்ணினார்கள்.

"ஏளா, கல்யாணத்துக்குக்கூட உன்ன இம்புட்டு அளக்கலையே" என்றாள் பக்கத்து வீட்டு பிளாரன்ஸ். அவளும் மீன் சுமப்பவள்தான்.

"அவுக அளந்தா அளக்கட்டும். எனக்குப் பஸ்சு வந்தாச் சரி."

மூன்றாம் நாள் அவர்கள் சொரிமுத்துவைப் பஸ் நிற்குமிடத்தில் பிடித்தார்கள். ஏன் ஏற்றுவதில்லை என்று சிவா கேட்டான். "தண்ணி ஒழுகும். நாத்தம் அடிக்கும். மத்த ஆளுக ஏற மாட்டாங்க" என்றார் அவர். சிவா அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னான். இங்கர் முகம் தெளிந்தது. நோட்டில் கேள்விக்குறியை அடித்துவிட்டு இரண்டு வார்த்தை எழுதினாள்: தண்ணீர், வாடை. இரண்டுமே செய்து முடிக்கக்கூடிய வேலைகள்.

செய்தும் முடித்தார்கள். தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் பழைய பஞ்சு குடோன் ஒன்றை அவர்களுக்காக வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அங்கே ஜேசுபாதம் என்ற தகர வேலைக்காரரை வைத்துக்கொண்டு ஒன்பது நாளில் ஐந்து பெட்டி செய்தார்கள். முதலாவது தலையில் நிற்கவில்லை. இரண்டாவது வெயிலில் சுட்டது. ஆக்னசை ஜீப்பில் கூட்டிப்போய் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள். குடோன் கதவைத் திறந்தால் எதிரே தோணிகள் வரிசையாக நின்றன. ரோச் எந்தத் தோணியிலும் இல்லை என்று தெரிந்தும் ஒரு முறை கண்ணை ஓடவிட்டுத்தான் அவள் உள்ளே போவாள்.

நாலாவது பெட்டி கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. இரட்டைத் தகரச் சுவர், நடுவில் ஆத்தூர் ரைஸ் மில்லிலிருந்து அள்ளி வந்த உமி. மூடியின் விளிம்பில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கவிழ்த்துப் பிடித்தாலும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். ஆக்னஸ் மட்டும் தட்டவில்லை.

"மூடி போட்ட பெட்டியில மீன் வித்தா ஒருத்தியும் வாங்க மாட்டா. பழசத்தான் மூடி வைப்பாகன்னு எல்லாத்துக்கும் தெரியும்."

சிவா சொல்லக் கேட்டு இங்கர் சோர்ந்துபோனாள். ஆக்னஸ் மூடியைக் கழற்றி, மல்லாக்கத் தரையில் வைத்து, அதன் மேல் நாலு சாளையைப் பரப்பினாள். "இதுக்கு ஒரு வெளிம்பு வச்சுக் குடுக்கச் சொல்லு. பஸ்சுல மூடி. தெருவுல தட்டு." ஐந்தாவது பெட்டியின் மூடி அப்படித்தான் வந்தது. ஜேசுபாதம் அதைத் தட்டிப் பார்த்து, "இதுதாம்மா பெட்டி" என்றார். ஆக்னசுக்கும் பெட்டி பிடித்துத்தான் இருந்தது. அதை ஒளிக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு சொரிமுத்து என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று ஜீப்பில் திரும்பும்போது சிரித்துக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை அந்தக் குடோனில் கண்காட்சி. சப் கலெக்டர் வருகிறார், பஸ் முதலாளி வருகிறார், தூத்துக்குடிப் பெரிய மனிதர்கள் பலர் வருகிறார்கள். அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை, ஆக்னஸ் புதுப் பெட்டியோடு ஏழேகால் பஸ்ஸில் போகலாம் என்று சிவா வந்து சொன்னான். பேராசிரியர் முதலாளியிடம் பேசிவிட்டாராம்.

அன்று ஆக்னஸ் துவைத்த சேலை கட்டினாள். பெட்டியில் சாளையும் கொஞ்சம் விளமீனும். பஸ்ஸில் ஏறி மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெட்டியைக் காலடியில் வைத்தாள். பதினைந்து வருசத்தில் அந்தப் பஸ்ஸுக்குள் மீனோடு அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இங்கர் வெளியே நின்று இரண்டு படம் எடுத்தாள். உள்ளே ஏறி மூன்று படம் எடுத்தாள். பேராசிரியர் தலையை ஆட்ட, படமெடுக்க ஏறிய மாணவர்கள் இறங்கினார்கள்.

சொரிமுத்து வந்து பக்கத்தில் நின்றார். "சரி, எறங்கு. வண்டி எடுக்கணும்."

"ஆத்தூருக்கு ஒரு டிக்கெட் குடும் அண்ணாச்சி."

"என்ன டிக்கெட்டு? போட்டோவுக்குத்தான் ஏறச் சொன்னது. எடுத்தாச்சுல்லா."

"யாரு சொன்னா?"

"முதலாளி சொன்னாரு. அந்த புரொபசர் அஞ்சு நிமிசம் கேட்டாரு, முதலாளி அஞ்சு நிமிசம் குடுத்தாரு. எனக்கு அம்புட்டுதான் தெரியும்."

ஆக்னஸ் ஜன்னல் வழியாகச் சிவாவைப் பார்த்தாள். அவன் கேமராப் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஏற்கெனவே சரியாக இருந்த வார் அது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையை அளந்தது, அடியை எண்ணியது, ஒன்பது நாள் தகரம் தட்டியது எல்லாம் இந்த ஐந்து நிமிசத்துக்கு. பஸ்ஸில் அவள் இருக்கிற படம் வேண்டும். பஸ்ஸில் அவள் இருக்க வேண்டியதில்லை.

"பெட்டி ஒழுகுதான்னு பாரும்" என்றாள்.

"அதெல்லாம் எனக்கு..."

"குனிஞ்சு பாரும். பதினஞ்சு வருசமா ஒழுகும் ஒழுகும்னு சொன்னீருல்லா."

சொரிமுத்து குனிந்தார். விரலால் தரையைத் தடவினார். தூசிதான் ஒட்டியது.

"ஒழுகல" என்றார்.

"நாத்தம் அடிக்கா?"

"அடிக்கல."

"பெறவு நான் ஏன் எறங்கணும்?"

பதில் பின்னாலிருந்து வந்தது. தோல் பையோடு உட்கார்ந்திருந்த ஒருவர், ஆத்தூரில் ஏதோ ஆபீசில் இருப்பவர், எரிச்சலோடு சொன்னார்: "ஒழுகுனா என்ன, ஒழுகாட்டா என்ன? மீன்காரியும் நாமளும் ஒரே வரிசையிலயா உக்காருறது? இன்னைக்கு ஒருத்தி. நாளைக்கு அம்புட்டு பேரும் வருவாளுக."

பஸ்ஸில் யாரும் அதை மறுக்கவில்லை.

ஆக்னஸ் திரும்பி அவரைப் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. பாவம், தண்ணி மேல பழியப் போட்டுட்டீங்களே." பிறகு சொரிமுத்துவிடம் திரும்பினாள். "ஆத்தூருல வெத்தலக் கட்டு ஏத்துதீரே, நனைச்ச வாழச்சருகுல கட்டி, சொட்டச் சொட்ட, இந்த நடுவழிலதான அடுக்குதீரு? அது ஒழுகலையா?"

"அது வெத்தல."

"ஆமா. அது வெத்தல."

அவள் ஜன்னலுக்கு வெளியே குரல் கொடுத்தாள். "தம்பி, இங்கன வா. அந்தப் பை வச்சிருக்கவரு சொன்னத அந்தப் பிள்ளைக்குச் சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

சிவா தயங்கினான். பிறகு சொன்னான். இங்கர் கழுத்து வரை சிவந்துபோனாள். அவனிடம் மெதுவாக ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கு?"

"இது எனக்கு முன்னாடியே தெரியுமான்னு கேக்கா."

"தெரியுமா?"

அவன் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். "தெரியும் அக்கா. எங்க வீட்டுக்கு மீன் கொண்டாறவங்கள எங்கம்மா வாசப்படிக்கு வெளியதான் நிறுத்துவா. தண்ணி சொட்டும்னுதான் சொல்லுவா. நானும் அதயே நெனச்சுக்கிட்டேன். அப்பிடி நெனைக்கிறது எனக்கும் வசதியா இருந்துச்சு."

"மொத நாளே வாயத் தொறந்திருந்தா இம்புட்டு தகரமும் மிச்சம்" என்றாள் ஆக்னஸ்.

டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். சொரிமுத்து விசிலை வாயில் வைத்துவிட்டு எடுத்தார். முன்னால் வழி இல்லை. ஆத்தூருக்கு நடக்கக் கிளம்பிய பெண்கள் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுவிட்டிருந்தார்கள். பிளாரன்ஸ் தன் கடவப் பெட்டியை முன் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி இறக்கி வைத்து, தலையில் வைக்கிற துணிச் சும்மாட்டை அவிழ்த்து உதறினாள்.

"என்னளா இது? வழிய விடு" என்றார் சொரிமுத்து படியில் நின்று.

"பொறும் அண்ணாச்சி. சும்மாடு அவுந்துபோச்சு. கட்டிக்கிடுதேன்."

அவள் அதை மெதுவாகச் சுருட்டினாள். சுருட்டிப் பார்த்தாள், சரியில்லை, அவிழ்த்தாள். அவளுக்குப் பின்னால் அமலோற்பவத்துக்கும் சும்மாடு அவிழ்ந்தது. பிறகு இன்னொருத்திக்கு. பத்து நிமிசத்தில் ரோடு முழுக்கப் பெட்டிகள். முப்பத்தேழு பெண்கள் குனிந்த தலை நிமிராமல் சும்மாடு சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறியது. சொரிமுத்து ஆக்னசிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாரு. உம் பெட்டி ஒழுகல, சரி. உனக்கு டிக்கெட் தாரேன், நீ வா. தெனமும் வா. முதலாளிட்ட நான் பேசிக்கிடுதேன். அவளுகள வழிய விடச் சொல்லு."

பதினைந்து வருசமாக அவள் கேட்டது இதுதான். சீட்டும் டிக்கெட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆனால் தகரப் பெட்டி ஊரில் ஒன்றே ஒன்றுதான். ஆக்னஸ் எழுந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். ஓலைப் பெட்டிகளில் சாளையின் கண் மங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் அரை மணி நேரம் இப்படியே போனால் அவர்களுடைய அன்றைய பாடு வீண். தன் மீன் உமிச் சுவருக்குள் குளிர்ந்து கிடக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏளா பிளாரன்சு, எனக்கு மட்டும் டிக்கெட் தாராராம். மீனு கெட்டுப்போவுமே, என்ன செய்ய?"

பிளாரன்ஸ் நிமிரவில்லை. "கெட்டா கருவாடு போடுதேன். நீ எறங்குனன்னா ஒன்னயும் சேத்துக் காயப்போட்டுருவேன்."

ஆக்னஸ் உட்கார்ந்தாள். "எல்லாருக்கும் டிக்கெட் கிழியும் அண்ணாச்சி. இல்லன்னா யாருக்கும் வேண்டாம்."

எட்டேகாலுக்கு டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போனார். அன்றைய ட்ரிப் ரத்து. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி ஆத்தூருக்கு நடந்தார்கள். அவர்கள் போன பிறகுதான் ஆக்னஸ் இறங்கினாள். பெண்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார்கள். நடந்து பழகிய கால்கள் என்பதால் ஒரு மைலுக்குள் பயணிகளை முந்திவிட்டார்கள். தோல் பைக்காரரைக் கடக்கும்போது அமலோற்பவம், "வாரும் சார், கூடவே நடந்துட்டீரே" என்றாள். அன்று பாதி மீன் விற்கவில்லை. யாரும் ஆக்னசை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமையும் சரியாக ஏழேகாலுக்குச் சும்மாடுகள் அவிழ்ந்தன. பஸ் ஐம்பது நிமிசம் தாமதமாகக் கிளம்பியது.

சனிக்கிழமை கண்காட்சிக்கு ஆக்னசை அழைத்துவர ஜீப் வந்தது. அவள் பிளாரன்சையும் ஏற்றிக்கொண்டாள். குடோன் நடுவில், வெள்ளைத் துணி விரித்த மேசை மேல் தகரப் பெட்டி இருந்தது. பின்னால் பலகையில் பெரிய படம். ஆக்னஸ் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரிக்கிறாள். வியாழக்கிழமையின் முதல் ஐந்து நிமிசம். கீழே ஓர் அட்டையில் இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதியிருந்தது. ஆக்னஸ் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நிறுத்தி வாசித்தாள்: "புதிய பெட்டியுடன் பேருந்தில் பயணம் செய்யும் புன்னைக்காயல் மீன் வியாபாரி."

"நான் எங்க பயணம் செஞ்சேன்?" என்றாள்.

பேராசிரியர் வந்தார். சிவா நடுவில் நின்று தமிழில் எடுத்துச் சொன்னான். முதலாளி உதவி செய்திருக்கிறார், விருந்தினராக வருகிறார், அவரை இந்த இடத்தில் வைத்துச் சங்கடப்படுத்துவது முறையில்லை, பெட்டியின் வெற்றியை எல்லோரும் பார்க்கட்டும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். நல்ல மனிதர்தான். மூன்று வாரமும் வெயிலில் மாணவர்களோடு நின்றவர். அவர் சொன்ன எல்லாவற்றையும் ஆக்னஸ் கேட்டுக்கொண்டாள். பிறகு பலகையிலிருந்து படத்தைக் கழற்றினாள். நாலு மூலையிலும் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேசை மேல் வைத்தாள். படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்தாள்.

"பெட்டி ஒங்களது. படத்துல இருக்கது எம் மூஞ்சி. பொய் சொல்ல எம் மூஞ்சியத் தர மாட்டேன்."

"இப்ப என்ன செய்யணும்னு கேக்காரு" என்றான் சிவா.

"நடந்தத எழுதணும்."

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இங்கர் போய் அந்தப் பழைய அட்டையைக் கிழித்தாள். சிவா தரையில் மண்டியிட்டு, புது அட்டையில் பிரஷ்ஷை முக்கி எழுதினான். எழுத்து நன்றாகவே வந்தது. "பெட்டி ஒழுகவில்லை. பஸ் இன்னும் ஏற்றவில்லை." கீழே பெயரைப் போட்டான். சிவா என்று இல்லை, சிவனணைந்தபெருமாள், ஆழ்வார்திருநகரி என்று முழுசாக. இங்கரும் கையெழுத்துப் போட்டாள். பேராசிரியர் தலையைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை. ஆக்னஸ் எழுந்து படத்தைத் திரும்ப மாட்டினாள்.

சப் கலெக்டர் இளவயதுக்காரர், தமிழ் படிக்கத் தெரிந்தவர். அட்டையை இரண்டு முறை வாசித்தார். பக்கத்தில் பட்டுச் சட்டையில் நின்ற முதலாளியைப் பார்த்து, "இது உங்க பஸ்ஸா?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமையில இருந்து ஏத்திருதோம் சார்" என்றார் முதலாளி. "பின் சீட்டு ஒதுக்கிருதோம். பெட்டியெல்லாம் மேல கேரியர்ல."

"தகரப் பெட்டியா, ஓலைப் பெட்டியா?" என்று ஆக்னஸ் கேட்டாள். சப் கலெக்டரிடம் அல்ல, முதலாளியிடம்.

முதலாளி அவளைப் பார்த்தார். இரண்டு நாளாக வண்டி மறிபடுவது அவர் காதுக்குப் போயிருந்தது. "எதுனாலும் சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள் கிளம்பினார்கள். தகரப் பெட்டி டென்மார்க்கில் அடுத்த கண்காட்சிக்குப் போகிறது என்று இங்கர் சங்கடத்தோடு சொன்னாள். வேறு செய்து அனுப்புவதாகவும் சொன்னாள். "கொண்டு போ. நல்ல பெட்டி" என்றாள் ஆக்னஸ். அனுப்புவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் அனுப்பவும் இல்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே பெண்கள் பஸ்ஸைச் சூழ்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் ஏணியில் ஏறி, ஓலைப் பெட்டிகளை வாங்கி வாங்கிக் கூரை மேல் அடுக்கினார்கள். பச்சைப் பெயிண்டில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. சொரிமுத்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிளாரன்சும் மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள். ஒதுக்கிய பின் சீட் போதவில்லை. பாதிப் பேர் நடுவழியில் நின்றார்கள்.

ஆக்னஸ் முன்படியில் ஏறி, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த டீச்சரம்மா குடையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. தோல் பைக்காரர் இரண்டு வரிசை தள்ளி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆக்னசு, பின் சீட்டுன்னுல்லா முதலாளி சொன்னாரு" என்றார் சொரிமுத்து.

"பின்னால எடம் இல்ல, பாத்தீருல்லா."

"அப்ப நிக்கணும்."

"இங்கன எடம் கெடக்க நான் ஏன் நிக்கணும்? டிக்கெட்டுல பின் சீட்டுன்னு போட்டிருக்கா?" அவள் சில்லறையை நீட்டினாள்.

வண்டியில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வெளியே இன்னும் நாலைந்து பெண்கள் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கையில் சும்மாட்டுத் துணியைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள். சொரிமுத்து அதையும் பார்த்தார்.

"ஆத்தூருதான?" என்றார்.

"ஆத்தூரு."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு விசில் ஊதினார்.